அடையாள அட்டை இருந்தும் “நீ இந்தியாக்காரன்தானே?” என்றால்

(சட்டத்தரணி ஒருவரின் பதில். கடிதம் எழுதியவரின் பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 41 வயது. மோட்டார் சைக்கிளில் சேலை, சாரம், சின்னப்பிள்ளைகளின் உடுப்பு கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்பவர். அவருடைய தகப்பன் பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். கணவர் பிறந்தது 1984 இல், கிளிநொச்சியில்.

போன மாதம் முல்லைத்தீவுப் பக்கம் வியாபாரத்துக்குப் போனபோது, புடவை விற்கும் நான்கு இந்தியர்கள் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பொலிசாரும் குடிவரவு அதிகாரிகளும் சேர்ந்து அந்த வீட்டைச் சுற்றிவளைத்தார்கள். கணவர் அடையாள அட்டையைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகும், தமிழரான ஓர் உத்தியோகத்தர் “உம்மட கதை இஞ்சத்தைக் கதை மாதிரி இல்லையே” என்று சொல்ல, அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலை 10.30 க்குக் கொண்டுபோனவரை மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு, கிராம அலுவலர் கடிதத்தோடு வந்த பிறகுதான் விட்டார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அடையாள அட்டையும் இரண்டு மூட்டைப் புடவையும் இன்னும் பொலிஸில்தான். “பிரசாவுரிமைச் சான்றிதழோட வந்து எடு” என்றார்களாம்.

சகோதரியின் மனதை அரிப்பது வேறொன்று. மாமனார் 1982 இல் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்திருந்தார், கப்பல் ஏறவில்லை, 2006 இல் இறந்துவிட்டார். கடவுச்சீட்டு 2009 இல், கடைசிப் போரில், மாத்தளனில் மற்றச் சாமான்களோடு போய்விட்டது. “அப்ப இவர் உண்மையிலேயே இந்தியாக்காரர்தானோ? முறைப்பாடு செய்தால் அதைக் கிண்டி எடுத்துவிடுவார்களோ? மகளுக்கு 15 வயது, அவளுக்கு அடையாள அட்டை எடுக்கவும் பயமாக இருக்கிறது” என்று கேட்கிறார். யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் ஒரு கடிதம் எடுத்தால் எல்லாம் சரியாகும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம்.

சகோதரி, முதலில் நாட்கணக்கைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நீங்கள் எழுதிய திகதியின்படி பார்த்தால், நான் இந்தப் பதிலை எழுதும் இன்று 21 ஆவது நாள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு அரசியலமைப்பின் 126(2) ஆம் உறுப்புரை தருவது ஒரேயொரு மாதம். ‘ஐசியை (அடையாள அட்டையை) தந்திட்டா விட்டிடுவம்’ என்று நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மாதத்தில்தான் கழிகிறது. ஆகவே இந்தக் கிழமைக்குள் ஒரு வேலை முடிந்தாக வேண்டும்: இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்தியக் காரியாலயத்தில் எழுத்து மூல முறைப்பாடு. எப்படி எழுதுவது என்று கீழே சொல்கிறேன்.

மாமனாரின் கடவுச்சீட்டு

உங்கள் பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று கேட்டது. உங்கள் வீட்டிலுள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ‘பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின்’ என்று ஒரு கூடு இருக்கும். அந்தக் கூடு வந்த வழி இதுதான். தோட்டத்துச் சனத்தில் எத்தனை பேரிடம் பூட்டனின் பிறப்புப் பதிவு இருந்தது? பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் இரண்டு நாடுகளும் பாதிபாதியாகப் பங்குபோட்டன. உங்கள் மாமனார் இந்திய விண்ணப்பம் போட்டவர்களில் ஒருவர். 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் உங்கள் குடும்பமும் ஒன்று.

1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரசாவுரிமை கொடுத்தபோது, இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்களை வெளியே விட்டுவிட்டது. உங்கள் சொந்தக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த நிலைமையைத்தான். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. 2003 இன் 35 ஆம் இலக்க, இந்திய வம்சாவளி ஆட்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் இந்த மிச்சச் சனத்தையும் உள்ளே எடுத்தது. 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களும், இலங்கையில் வசிக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள். இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டு இங்கேயே இருந்தவர்களுக்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது, நடைமுறைதான் வேறு.

நடைமுறை இரண்டு வகை. இந்தியக் கடவுச்சீட்டு எடுக்காதவர் ‘பொதுப் பிரகடனம்’ செய்து சமாதான நீதவானின் ஒப்பம் வாங்க வேண்டும். கடவுச்சீட்டு எடுத்தவர் ‘விசேட பிரகடனம்’ செய்து குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் ஒப்பம் வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தகப்பனின் கடவுச்சீட்டிலேயே பிள்ளைகளின் பெயரையும் எழுதினார்கள். ஆகவே உங்கள் கணவர் எந்தப் படிவத்தில் கையெழுத்து வைப்பதென்பது, அவருடைய பெயர் ஏதாவது இந்திய ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்பதில் தங்கியிருக்கிறது. கடவுச்சீட்டு 1982 இல் எடுத்தது என்கிறீர்கள். கணவர் பிறந்தது 1984 இல். பிறகு யாராவது கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாலொழிய அவர் பெயர் அதில் இருக்க முடியாது.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்றுண்டு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பலர் விசேட பிரகடனத்தில் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், ‘நான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவன்’ என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்ததாகிவிடும். பத்திரமுல்லை சுகுருபாயவிலுள்ள திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவில் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வையுங்கள். எந்த வழியால் போனாலும் போய்ச் சேரும் இடம் இலங்கைப் பிரசாவுரிமைதான். எனவே ‘கிண்டி எடுத்துவிடுவார்கள்’ என்ற பயத்தை விடுங்கள். கிண்டினால் வெளிவருவது உங்கள் பக்கத்துக்கு நல்ல செய்தி.

துணைத் தூதரகத்துக்குப் போகும் யோசனையைக் கைவிடுங்கள். ஒருவர் இலங்கையர் என்று சொல்லும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை. தன்னை இந்திய வம்சாவளி என்று சொல்லி அங்கே ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தால், நாளைக்கு அது இந்தக் கோப்புக்குள் தேவையில்லாத ஒரு கேள்வியாக வந்து நிற்கும்.

‘இந்தியத் தமிழர்’ என்பது இனம், நாடல்ல

கணவரின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்ற கூட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்ததைப் பொலிஸில் சுட்டிக்காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த ஆட்களே தடுக்கி விழும் இடம் இது. இலங்கைக் குடிசன மதிப்பீடு 1911 தொடக்கம் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எழுதிவருகிறது. இலங்கைச் சோனகர், மலாயர் என்று எழுதுவதைப் போன்ற ஓர் இனப் பெயர் அது. மலாயர் என்று எழுதியிருப்பவரை மலேசியாவுக்கு அனுப்ப யாரும் பஸ் பிடிப்பதில்லையே.

அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்புரையை மனப்பாடமாகவே வைத்திருக்கலாம். இலங்கையில் இருப்பது ஒரேயொரு பிரசை அந்தஸ்து. வம்சாவளியால் வந்ததா, பதிவினால் வந்ததா என்று பார்த்துப் பிரசைகளுக்கிடையே எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது என்று அதன் 3 ஆம் பந்தி சொல்கிறது. 2003 சட்டத்தால் பிரசையான ஒருவர் வன்னியில் பத்துத் தலைமுறை இருந்தவருக்கு ஒரு மயிரிழையும் குறைந்தவர் அல்ல. 12(2) ஆம் உறுப்புரை இனம், மொழி, பிறப்பிடம் முதலியவற்றை வைத்துப் பிரசைக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. பேச்சின் சாயலைப் பார்த்து ஒருவரை வேன் ஏற்றியது இந்த இரண்டிலும் போய் முட்டுகிறது. சொல்லக் கசப்பாக இருந்தாலும் இதையும் சொல்லவேண்டும்: ‘இவன் எங்கட கதை கதைக்கிறானில்லை’ என்று அந்த இடத்தில் முதலில் அடையாளம் காட்டியவர் ஒரு தமிழர்தான். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் என்று நாற்பது வருடத்துக்கு மேலாக மலையகத் தமிழ் புழங்கும் ஒரு மாவட்டத்தின் அடுத்த மாவட்டத்தில் இது நடந்திருக்கிறது.

கேட்டது சரி, வைத்திருந்தது பிழை

அதிகாரிகளுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே வியாபாரம் செய்வது குற்றம். அதைத் தேடிப் போகவும், அந்த முற்றத்தில் நின்ற எல்லோரிடமும் ‘யார் நீ, அட்டை எங்கே’ என்று கேட்கவும் அவர்களால் முடியும். உள்ளூர்ப் புடவை வியாபாரிகளே இந்தியர்களின் வியாபாரத்துக்கு எதிராக முறையிட்டு வந்திருக்கிறார்கள்; சோதனை நடந்ததில் ஆச்சரியமில்லை. அப்படிக் கேட்கும்போது அட்டையை நீட்டுவதுதான் புத்தி. உங்கள் கணவர் அதைத்தான் செய்தார்.

அட்டையைப் பார்த்த பிறகு நடந்ததில்தான் வழக்கு இருக்கிறது. ஆட்பதிவுச் சட்டம் பொருந்துவது இலங்கைப் பிரசைகளுக்கு. ஆகவே அடையாள அட்டை வைத்திருப்பவர் பிரசை என்பதே முதல் எடுகோள். பிரசாவுரிமையை அது முற்றுமுழுதாக நிரூபிக்காது என்று அவர்கள் சொல்வது சட்டப்படி சரிதான். நீங்கள் நினைப்பதுபோல் அது இறுதிச் சான்று அல்ல. ஆனால் அதைத் தள்ளிவைப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் நியாயமான காரணம் ஒன்று வேண்டும். அட்டை போலி என்று சந்தேகமா? பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். வயதைக் கேட்டு ஒப்பிட அரை நிமிடம். ஆட்பதிவுத் திணைக்களத்தில் இலக்கத்தைச் சரிபார்க்கலாம். கிராம அலுவலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கலாம். அவர் மறுநாள் நேரில் வந்து சொன்னதை முதல் நாள் 11 மணிக்கே தொலைபேசியில் சொல்லியிருப்பார். இதில் எதையும் செய்யாமல் ஆளை உள்ளே வைத்தது ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது மணிக்கணக்கு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணையின்றிக் கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். காலை 10.30 இலிருந்து மறுநாள் பிற்பகல் 2 மணி வரை 27 மணித்தியாலம் 30 நிமிடம். முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் பயண நேரம் என்று எவ்வளவைத்தான் கழிப்பது? ‘கைது செய்யவில்லை, விசாரணைக்குக் கூப்பிட்டோம்’ என்று சொல்வார்கள். அல்லது புத்தகத்தில் கைது நேரத்தைப் பின்னேரம் என்று போட்டிருப்பார்கள். எழும்பிப் போகமுடியாதபடி இரவு முழுக்க வைத்திருந்தால் அது கைதுதான். நேரத்தை நிரூபிக்கும் வேலை உங்களுடையது. அன்று காலை அவர் உங்களுக்கு எடுத்த அழைப்பின் பதிவு, நீங்கள் கிராம அலுவலருக்கு எடுத்த அழைப்பு, வேனில் ஏற்றியதைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரரின் பெயர், இவற்றை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தொலைபேசி அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். சில போன்களில் அது தானாக அழிந்துவிடும்.

காரணம் சொல்லாமல் கைது செய்வது 13(1) ஆம் உறுப்புரைக்கு மாறானது; நீதவானிடம் கொண்டுபோகாதது 13(2) க்கு மாறானது. சிங்களத்தில் எழுதிய தாளைப் பொறுத்தவரை, 22 ஆம் உறுப்புரையின்படி வட மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். ஆள் இல்லை என்றால் வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்கலாம். அதுவும் நடக்காமல் கையெழுத்துக்கு நெருக்கினால், கையெழுத்துக்கு மேலே ‘எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை’ என்று தமிழில் எழுதிவிட்டு வைக்கலாம். அந்த ஒரு வரி பிறகு பெரிய உதவி. இப்போது செய்யக்கூடியது, 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தத் தாளின் பிரதியையும் அன்றைய தகவல் புத்தகப் பதிவையும் கேட்பது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்; அதற்குள் உங்கள் மாதம் முடிந்துவிடும்.

‘முறைப்பாடு செய்து பொலிசோடு கொளுவினால் வியாபாரம் செய்ய விடமாட்டாங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் வெறுங்கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சும்மா இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அந்தப் பொலிஸ் புத்தகத்தில் உங்கள் கணவர் இப்போது ‘சந்தேகத்துக்குரிய இந்தியப் பிரசை’ என்று பதிவாகியிருக்கலாம். மறுத்து எழுதிய ஒரு கடிதமும் இல்லாவிட்டால், அடுத்த சோதனையில் அந்தப் பழைய பதிவே காரணமாகிவிடும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியவை

1. மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடு. கணவர் தானே கையெழுத்திட்டு, திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், அட்டையைக் காட்டிய விபரம், விட்ட நேரம், தடுத்துவைத்துள்ள பொருட்கள் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதட்டும். ‘எங்களை அடிமைகள்போல் நடத்துகிறார்கள்’ போன்ற வசனங்கள் வேண்டாம். நேரமும் வார்த்தையும் போதும். ஆணைக்குழுவின் 1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டம் 13(1) ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்துண்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். விசாரணை நடைபெறுகிறது என்று காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். ‘முறைப்பாடு இருக்கிறது, விசாரணை நடந்ததற்குச் சான்று இல்லை’ என்ற இடத்தில்தான் மனுக்கள் விழுகின்றன. அவசரத்துக்கு ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சட்டத்தின் வருடமும் அழைப்பு இலக்கமும் ஒன்றாக அமைந்ததால் மறக்காது.

2. அட்டையையும் புடவையையும் கேட்டுப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத்தபாலில் கடிதம். பிரதிகள் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும். புடவை வழக்குப் பொருள் என்றால் பொலிசார் அதை நீதவானுக்கு அறிக்கையிட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து விடுவிக்கலாம். அறிக்கையிடவில்லை என்றால் வைத்திருக்க உரிமையில்லை. மொத்தக் கடைப் பில் இருந்தால் இணையுங்கள். பொருள் இங்கே வாங்கியது, விமானப் பொதியில் வந்ததல்ல என்று காட்டுவது அதுதான்.

3. அட்டை ‘தொலைந்துவிட்டது’ என்று முறைப்பாடு போட்டுப் புதிது எடுக்க வேண்டாம். அப்படிச் செய்யச் சொல்லி உங்களுக்கு ஆலோசனை வரும். அட்டை இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பொய் எழுதினால் வழக்கின் நம்பகத்தன்மை அங்கேயே போய்விடும். கிடைக்கும்வரை, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலர் சான்றிதழைப் படத்தோடு எடுத்து வைத்திருக்கட்டும்.

4. சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணி உதவி கிடைக்கும். உயர் நீதிமன்ற மனு கொழும்பு புதுக்கடையில்தான் தாக்கல் செய்யவேண்டும் என்பதால் தனியே ஓடவேண்டாம்.

உயர் நீதிமன்றத்துக்குப் போவதா என்பதை ஆணைக்குழுவின் போக்கைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆணைக்குழு தருவது பரிந்துரை. அதைப் பொலிஸ் தலையில் கட்டும் அதிகாரம் அதற்கில்லை. நீதிமன்றம் தருவது கட்டளை. ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுபடும், கொழும்புக்கும் வன்னிக்கும் அலைச்சல். அட்டையும் புடவையும் கிடைத்து, பொலிஸ் பதிவும் திருத்தப்பட்டால் ஆணைக்குழுவோடு நிறுத்திக்கொள்வது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம். அட்டையைத் தரமறுத்தால் மனுப் போட வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட மனுக்கள் வீண் என்று எண்ணவேண்டாம். வவுனியாவில் நடமாட அனுமதிச்சீட்டுக் கேட்ட பாஸ் முறை உங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். அது நடமாடும் சுதந்திரத்துக்கு மாறானது என்று 2002 இல் உயர் நீதிமன்றம் சொன்னது, சிதம்பரபுரம் முகாமில் இருந்த சாதாரண மனிதர் ஒருவர் போட்ட மனுவில்தான். 2007 ஜூன் 7 இல் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அவர்கள் எல்லோரும் சொந்த நாட்டுக்குள் ‘திருப்பி அனுப்பப்பட்ட’ பிரசைகள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

வீட்டில் ஒரு கோப்பு

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், தெருவில் நிறுத்தும்போது நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழுகிறது. மாத்தளனில் தொலைந்ததைத் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டும். கணவரின் பிறப்புப் பதிவுப் புத்தகம் கிளிநொச்சியில் அழிந்திருந்தாலும், பதிவாளர் நாயகத்தின் மத்திய பதிவறையில் இரண்டாம் பிரதி இருக்கக்கூடும். மாவட்டச் செயலகப் பதிவாளர் ஊடாகக் கேளுங்கள். தேர்தல் இடாப்பில் கணவரின் பெயர் உள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுங்கள். பிரசை அல்லாதவர் வாக்காளர் அல்ல. பல வருட இடாப்பு ஒன்றாகக் கிடந்தால் ஒரு தனிச் சான்றிதழைவிடக் கனமாக இருக்கும்.

மாமனார் 1964 இற்கு முன்பிருந்தே இங்கே இருந்தார் என்பதற்குப் பதுளையில் தேட வேண்டும். அவருடைய பிறப்புப் பதிவு, தோட்டத் தொழிலாளரின் பெயர்களைப் பதிந்த செக்ரோல் பட்டியல், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பு. தோட்டம் கைமாறியிருந்தாலும் பழைய செக்ரோல் சிலவேளை காரியாலய மேல்தட்டில் கிடக்கும். கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, அங்கே தெரிந்த ஒருவர் நேரில் போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

வியாபாரத்துக்குப் போகும்போது அட்டை, பிரதேச சபையின் நடமாடும் வியாபார அனுமதி அல்லது பணம் கட்டிய பற்றுச்சீட்டு, புடவைப் பில் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். அவற்றின் படங்கள் உங்கள் போனிலும் இருக்கட்டும். தமிழ் தெரியாத உத்தியோகத்தர் நிறுத்தினால் சொல்ல ஒரு சிங்கள வசனம்: ‘மம லங்காவே புரவெசியெக்’, நான் இலங்கைப் பிரசை. குரலை உயர்த்தாமல், இரண்டு தரம். ‘என்னைக் கைது செய்கிறீர்களா, என்ன குற்றத்துக்கு?’ என்று கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஓடவோ, கையைத் தட்டிவிடவோ வேண்டாம். அதுவரை இல்லாத ஒரு குற்றச்சாட்டு அந்த நிமிடத்தில் பிறந்துவிடும்.

மகளும் பெரியப்பாவும்

மகளைப் பற்றிப் பயப்பட எதுவுமில்லை. நீங்கள் முல்லைத்தீவில் பிறந்த இலங்கைப் பிரசை. பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பிரசையா என்று மட்டும் பார்த்த பழைய வாசகத்தை 2003 இன் 16 ஆம் இலக்கத் திருத்தம் மாற்றி, தாய் தகப்பன் இருவரில் ஒருவர் பிரசையாக இருந்தால் போதும் என்றாக்கியது. 2010 இல் பிறந்த உங்கள் மகள் உங்கள் வழியாலேயே பிரசை. தகப்பனின் கோப்பு முடியும்வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை அதிபர் ஊடாக விண்ணப்பிக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பாடசாலை இடாப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று முதலில் பாருங்கள். முதலெழுத்திலோ ‘ன’, ‘ண’ விலோ பிசகு இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும், பரீட்சை நேரத்தில் அது தலையிடி. படம், ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.

கணவரின் அண்ணன் 1979 இல் பிறந்தவர் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1982 இல் எடுத்த கடவுச்சீட்டில் அவருடைய பெயர் இருந்திருக்கக்கூடும். அப்படியானால் விசேட பிரகடனம் தேவைப்படுபவர் அவர்தான். தம்பியின் படிவத்தைப் பார்த்து அவரும் சமாதான நீதவானிடம் போய்ப் பொதுப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்துவிடாமல், திணைக்களத்துக்கு அனுப்பும் விசாரணைக் கடிதத்தில் இருவருடைய பெயரையும் சேர்த்தே கேளுங்கள்.